தேவசகாயம் நிபந்தனை

அறிமுக உரையில் முனைவர் நஸ்ரின் இன்னும் ரூபாவதியை இங்கிலாந்துக்கு அனுப்பவில்லை. தூத்துக்குடியில் பிறந்தார், பாளையங்கோட்டையில் படித்தார், எம்.எஸ்ஸியில் தங்கப் பதக்கம் வாங்கினார் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நிற்கட்டும், ஆற அமர நிற்கட்டும் என்று நினைத்தார் தேவசகாயம். கட்டின பெண்டாட்டியின் பெருமையைக் காது குளிரக் கேட்பதற்கு எந்தப் புருஷனுக்குக் கசக்கும்? கசக்கிற புருஷர்களும் உண்டு, மின்வாரியத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்த ரகம்தான். அவர் அப்படியில்லை. ரூபாவுக்கு ஒரு பரிசு என்றால் ஆபீஸ் முழுக்க லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் அது என்ன பரிசு என்று கேட்கிற ஆள். ஆனால் இன்றைக்கு நஸ்ரின் மெதுவாக வாசிக்கவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டதற்குப் பெருமை மட்டும் காரணமில்லை. அறிமுகம் முடிந்தால் பதக்கம். பதக்கம் முடிந்தால் ரூபா எழுந்து கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரு மணி நேரம் ஏற்புரை ஆற்றவேண்டும், அதுவும் சும்மா நன்றி சொல்கிற உரை இல்லை, கணக்குப் போட்டுக் காட்டுகிற உரை. மார்ச் மாதம் அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை திரும்பி வந்துவிட்டது, நடை வந்துவிட்டது, கணக்கு எங்கேயும் போகவே இல்லை. பேச்சு மட்டும் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. மேடையில் மாம்பழ நிறப் பட்டில், கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் தேவசகாயத்தின் ஏற்பாடு.

எவ்வளவு பொய் சொல்லியாயிற்று! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷன், போனை எடுத்தால் வாய் கூசாமல் பொய். மேடம் குளிக்கிறாங்க. மேடத்துக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. மேடம் மகள் வீட்டுக்குப் பெங்களூர் போயிருக்காங்க, அங்க டவர் கிடைக்காது. பெங்களூரில் டவர் கிடைக்காதாம், அதையும் கேட்டுக்கொண்டு ஒரு துணைவேந்தர் "அப்படியா" என்று வைத்துவிட்டார். எதற்காக இத்தனையும்? நாலு பேர் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டிவிடக்கூடாது. பாவம், எப்படி இருந்த பொம்பளை என்று ஒருத்தன் சொல்லிவிடக்கூடாது. அந்த 'பாவம்' என்ற சொல் ரூபாவின் பக்கத்தில் வந்து நிற்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வருகிற வழியில் காரில்கூடச் சொன்னார், "ரூபா, ஒண்ணு மட்டும் கேளு. எங்கயாவது நின்னுட்டா, தொண்டை சரியில்லன்னு சொல்லி முடிச்சுரு. நான் மேல வந்து கூட்டிட்டு வந்துருதேன். ஸ்ட்ரோக்குன்னு மட்டும் வாயத் தொறந்துராத. வாக்குக் குடு." அவள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிக்னல் தாண்டி, இன்னொரு சிக்னலும் தாண்டி, "பாப்போம்" என்றாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் 'பாப்போம்' என்று சொன்ன எதையும் அவர் சொன்னபடி அவள் செய்ததில்லை. அதனால்தான் முன்வரிசையில் நடுநாயகமாகப் போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு, மேடைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வரவேற்பாளர்கள் நடு நாற்காலியைக் காட்டிக் கெஞ்சினார்கள். மூட்டு வலி, காலை நீட்டவேண்டும் என்று அதற்கும் ஒரு பொய்.

"...திருமணத்துக்குப் பிறகு, குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலேயே, தமது முனைவர் பட்ட ஆய்வைத் தொடர்ந்தார்" என்று நஸ்ரின் வாசித்தாள். ரூபாவின் முதல் மாணவி அவள், இப்போது இந்தத் துறைக்கே தலைவி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் குடும்பப் பொறுப்பாம்! தேவசகாயத்துக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் நாசரேத்தில் அவர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, ரூபா சோற்றில் கையை வைத்தவள் வைத்தபடியே உறைந்துபோனாள். பிசைந்த சோறு விரலில் காய்கிறது, பெண் அசையவில்லை. அம்மா பயந்துவிட்டாள், மருமகளுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் போல என்று இன்னொரு மீன் துண்டை எடுத்து இலையில் வைத்தாள். அதுவும் கண்ணில் படவில்லை. கடைசியில் அவர் மெதுவாக, "என்ன, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டதும் அவள் திடுக்கிட்டுப் பார்த்து, பிடித்து வைத்திருந்த எதையோ கைநழுவ விட்டுவிட்டவள் மாதிரி, "போச்சு" என்றாள். அந்த 'போச்சு'தான் அவருக்குக் கிடைத்த முதல் பாடம். அவள் பேசாமல் நின்றால் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, தட்டை நகர்த்தக்கூடாது. அப்புறம் அவரே அந்தப் பாடத்தில் வாத்தியாராகிவிட்டார். வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டது அவர்தான், ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கிறவர் வீட்டில் மணி அடிக்காது. மகள் பிரிசில்லா நடக்கப் பழகுகிறதுக்கு முன்னாலேயே உதட்டில் விரலை வைக்கப் பழகிவிட்டாள். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது, அவள் அடுப்புக்கு முன்னாலேயே நின்றுகொண்டு எங்கேயோ இருந்திருக்கிறாள், அவர் எட்டி கேஸை மட்டும் மூடிவிட்டு நுனிக்காலில் வெளியே போயிருக்கிறார். பிரசவ வார்டில் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் அவள் பேச்சு மூச்சில்லாமல் கிடக்க, நர்ஸ் பதறிப்போய்க் கன்னத்தில் தட்டப்போனபோது, "தட்டாதீங்க சிஸ்டர், அவ யோசிக்கா" என்று சொன்ன ஒரே புருஷன் இந்த உலகத்திலேயே அவராகத்தான் இருக்கும். நர்ஸ் அவரையும் ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். ஆனால் அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். வலியின் நேரத்தைக் கணக்கில் வைத்து அடுத்தது எப்போது வரும் என்று பார்த்தேன் என்று பிறகு சொன்னாள்.

அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது. மார்ச் மாதக் காலை, பால்கனி, இரண்டு டம்ளர் காப்பி. "ஏங்க, அந்த..." என்று ஆரம்பித்தாள், நின்றுவிட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் எங்கேயோ நிலைகுத்தி இருந்தது. சரி, ஆரம்பித்துவிட்டாள் என்று மனசுக்குள் சந்தோஷம்தான் பட்டார், ஓய்வு பெற்ற பிறகும் அவளுக்கு அந்த நிலை வருகிறதே என்று. அவள் காப்பி ஆறாமலிருக்க ஒரு தட்டை எடுத்து டம்ளர் மேல் மூடிவைத்தார். சத்தம் வராமல் பேப்பரைப் புரட்டினார், அரசியல் படித்தார், கிரிக்கெட் படித்தார், மரண அறிவிப்புகூட ஒன்று விடாமல் படித்தார். அப்புறம்தான் அவள் வாயோரம் ஈரமாக இருப்பதைப் பார்த்தார். 'இன்னும் கொஞ்சம் முன்னாலயே கூட்டிட்டு வந்திருக்கலாமே சார்' என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார், தினம் பத்துப் பேரிடம் சொல்கிற மாதிரி. ஆனால் அந்த வாக்கியம் தேவசகாயத்தின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்பது வருஷமாக எந்த மௌனத்தைக் காவல் காத்தாரோ, அதே மௌனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு இது வந்துவிட்டது, வாசலைத் திறந்துவிட்டு வணக்கமும் சொல்லியிருக்கிறார் இவர். சொல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியபோது, மாலைதோறும் பேச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் ரூபா அவரைப் பார்த்து விட்டு விட்டுச் சொன்னாள்: "நீங்க... காப்பிக்கு... மூடி போட்டீங்க. பாத்துகிட்டுதான்... இருந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த நேரத்திலும் எவ்வளவு மரியாதை என்று சிரித்தாள். அவர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அவள் பேச்சுக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தாலும் அவர் கையிலிருக்கிற பேப்பரைக் கீழே போட்டுவிடுகிறார். இது எந்த மௌனம்? பழையதா, புதியதா? தெரியவில்லையே. அதனால் இடைவெளியே விழாமல் அவரே நிரப்பிவிடுகிறார். அவள் "து..." என்றால் போதும், துண்டா, துடைப்பமா, துவரம்பருப்பா, துளசி மாத்திரையா என்று ஏலக்காரன் மாதிரி அடுக்குவார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள், "அங்கிள், எடுத்துக் குடுக்காதீங்க. அவங்களே போய் எடுக்கட்டும். லேட்டானா என்ன இப்போ?" அவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் ஏலம்.

"...கடலோர நிலத்தடி நீரில் உப்புநீர் ஊடுருவல் குறித்த அவருடைய கட்டுரை, இன்று உலகம் முழுவதும் தேவசகாயம் நிபந்தனை என்று அறியப்படுகிற..." ஆ, வந்துவிட்டது. தேவசகாயம் தம்மையறியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கூடத்தில் சிலர் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள், இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை அது. கடலோரத்தில் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, கனமான உப்புத் தண்ணீர் அதற்கு அடியில் புகுந்து கிடக்கிறது, இரண்டும் சேர்கிற இடம் சாய்வாக ஏறிக் கடலில் போய் முடிகிறது. அது எங்கே, எந்தச் சாய்வில் போய் முடிந்தாகவேண்டும் என்பதற்கு ரூபா ஒரு விதி கண்டுபிடித்தாள். அது தெரிந்தால் ஒரு ஊரில் எவ்வளவு தண்ணீர் இறைக்கலாம், எப்போது கிணறு உப்பாகும் என்று முன்னாலேயே சொல்லிவிடலாம். இவ்வளவுதான் அவருக்குத் தெரியும், இவ்வளவு தெரிந்ததற்கே அவர் தினம் ஒரு முறை பெருமைப்படுவார். கட்டுரையில் அவள் ஆர். தேவசகாயம் என்று போட்டிருந்தாள், வெளிநாட்டுக்காரர்கள் கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு விதிக்கு அதையே வைத்துவிட்டார்கள். கண்டுபிடித்தது ஒருத்தி, பெயர் இன்னொருத்தனுக்கு! ஒருமுறை டெல்லியில் ஒரு கருத்தரங்குக்கு இரண்டு பேரும் போயிருந்தபோது, வாசலில் நின்றவர்கள் மாலையை நேராகக் கொண்டுவந்து அவர் கழுத்தில் போட்டுவிட்டார்கள். ரூபா பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, அந்த நிபந்தனை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று பக்தியோடு கேட்டார். "வீட்டுலயே கிடைச்சுதுங்க" என்றார் இவர். ரூபா சிரித்த சிரிப்பில் பை கீழே விழுந்துவிட்டது. மின்வாரியத்தில் லைன்மேன்கள் மத்தியில் இந்தச் செய்தி வேறு மாதிரி பரவியது. சார் பேரில் புதிதாக ஒரு நிபந்தனை வந்திருக்கிறதாம், பயணப்படியில் கைவைப்பார்களோ என்று இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். எல்லாம் சிரிப்புத்தான். ஆனாலும் ஒருநாள் அவளிடம் கேட்டார், உனக்கு வருத்தமில்லையா என்று. "கண்டுபிடிச்சது யாருன்னு எனக்குத் தெரியும்லா. பேரு என்னவா இருந்தா என்ன?" என்றாள், கண்ணைக் காகிதத்திலிருந்து எடுக்காமல். வருத்தம் அவருக்குத்தான் இருந்தது. அவளுடைய அப்பா வைத்த பெயர் அல்லவா புத்தகத்தில் ஏறியிருக்கவேண்டும்.

நஸ்ரின் ரூபாவை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பிவிட்டாள். இப்போது பெருமைகள் வரிசையாக இறங்கின. தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர், அந்தப் பிரிவில் தமிழ்நாட்டிலிருந்து போன முதல் பெண். ஹாம்பர்க்கில் அழைப்புச் சொற்பொழிவு. மூன்று ஆய்விதழ்களின் ஆசிரியர் குழு. எத்தனையோ முனைவர்களை உருவாக்கிய வழிகாட்டி. ஒவ்வொன்றுக்கும் தேவசகாயத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது, யாரும் வாசிக்காத கதை. ஹாம்பர்க்குக்கு அவள் போனபோது பிரிசில்லாவுக்கு அம்மை, அதைச் சொல்லாமலேயே வைத்து, போனில் குழந்தை தூங்குகிறாள் என்று சமாளித்ததும் இவர்தான். பொய் சொல்லுவது மார்ச் மாதத்தில் ஆரம்பித்த பழக்கமில்லை போல. ராமநாதபுரம் கடற்கரையில் ஊர் ஊராக அவளை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், விடுமுறை போட்டு. கிணற்றடியில் பெண்கள் வாளியைச் சாய்த்துக் கையில் ஊற்றுவார்கள், அவள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுவாள். ஒரு ஊர்த்தலைவர் கேட்டார், "டீச்சரம்மா, சென்னையில உக்காந்து கணக்குப் போட்டா எங்க ஊருத் தண்ணிக்குத் தெரியுமா?" ரூபா கோபப்படவில்லை. "தண்ணிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியணும்னுதான் வந்தேன்" என்றாள். எப்படிப் பேசுவாள்! சட்டென்று, எங்கேயும் நிற்காமல். "...அவருடைய வகுப்பில் பாடம் எந்தத் தடங்கலும் இல்லாமல் நதிபோல ஓடும் என்பது அவரிடம் படித்த எங்கள் எல்லோருக்கும் தெரியும்" என்று நஸ்ரின் சொன்னபோது தேவசகாயத்துக்கு முள் ஏறியது போல் இருந்தது. வேண்டாம் அம்மா, அதை மட்டும் சொல்லாதே, அதைச் சொல்லிவிட்டு அவளை எழுப்பாதே. போன வாரம் வீட்டில் பீரோவுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள், நடுவில் ஒரு சொல்லில் நின்றாள், நின்றவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சொல்லை எடுத்துக் கொடுத்தார், அவள் அதை வாங்கவில்லை. அன்று ராத்திரி வரைக்கும் அவரோடு பேசவில்லை.

கைதட்டல். சால்வை. பதக்கம் அவள் கைக்கு வந்தது, அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு நாற்காலியில் வைத்தாள், காய்கறிப் பையை வைக்கிற மாதிரி. "நன்றி" என்றாள் ஒலிவாங்கியில். ஒரே சொல், சுத்தமாக விழுந்தது. தேவசகாயம் மூச்சு விட்டார். அப்புறம் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். அவளுடைய ஆங்கிலம், தூத்துக்குடி உப்புக் காற்று படிந்த ஆங்கிலம், எப்போதையும்விட மெதுவாக வந்தது. ஆனால் பெரிய மனுஷி மெதுவாகப் பேசினால் அழகு என்றுதான் கேட்பார்கள். பலகையில் தரையை ஒரு கோடாக இழுத்தாள், கடலை அலையாக இழுத்தாள், சாய்வான கோட்டை நடுவில் ஏற்றினாள், வலது கை நடுங்கவே இல்லை. சமன்பாடுகள் கீழே கீழே இறங்கின. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, எப்போதும் போல. புரியாமல் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு, நாற்பது வருஷமாக அனுபவிக்கிற சுகம். அவருக்குப் பின்னால் இளம் ஆட்கள் குனிந்து குனிந்து எழுதினார்கள். அப்பாடா, போகிறது, வண்டி போகிறது என்று நினைத்தபோது, வலது பக்க இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல். "மேடம், அங்க மைனஸ் வரணும்." பேராசிரியர் சீதாபதி. ரூபாவின் வயசுதான் அவருக்கும், இதே துறையில் நாற்பது வருஷமாக அவளோடு சண்டை போடுகிற மனுஷன். இந்தக் கணக்குக்காரர்களின் வழக்கமே இது, கல்யாண வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் பலகையில் ஒரு குறி தப்பினால் வாய் சும்மா இருக்காது. சாதாரண நாளாக இருந்தால் தேவசகாயம் ரசித்திருப்பார். இன்று ரசிக்க முடியவில்லை. தப்பு செய்துவிட்டாள். கணக்கு போகவில்லை என்று டாக்டர் சொன்னாரே. போயிருக்கிறது, கூட்டலும் கழித்தலும் போயிருக்கிறது.

ரூபா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். பேசவில்லை. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். தேவசகாயம் அவள் முதுகைப் பார்த்தார். இது எந்த மௌனம்? முதுகில் என்ன தெரியும்? பழையதாக இருந்தால் தொடக்கூடாது, புதியதாக இருந்தால் ஓடவேண்டும், மறுபடியும் தட்டை எடுத்து மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது, முடியவே முடியாது. நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். அவள் மெதுவாகப் பலகையின் இடது ஓரத்துக்கு நடந்தாள். அங்கே தரைக்கோட்டிலிருந்து கீழ் நோக்கி ஒரு சின்ன அம்பு போட்டிருந்தாள். சாக்பீஸால் அதை இரண்டு தட்டுத் தட்டினாள். "கீழ" என்றாள். சீதாபதி கழுத்தை நீட்டினார், பக்கவாட்டில் சாய்ந்தார், அப்புறம் எழுந்தே நின்றார். விழாவுக்காக ஏற்றிவைத்த ஆளுயரக் குத்துவிளக்கு அவருக்கும் அந்த அம்புக்கும் நடுவில் எரிந்துகொண்டிருந்தது. "அடடா, கீழ் நோக்கியா அளக்கறேள்! விளக்கு மறைச்சுடுத்து. ப்ளஸ்தான், ப்ளஸ்தான், நான் உட்காந்துட்டேன்" என்றார், கூடம் முழுக்கச் சிரித்தது. பக்கத்து நாற்காலி இளைஞன் தேவசகாயத்துக்கு விளக்கினான், மேலே போவதைக் கூட்டல் என்று வைத்தால் அது மைனஸ், ஆழத்தைக் கூட்டல் என்று வைத்தால் ப்ளஸ், எங்கிருந்து அளக்கிறோம் என்பதுதான் சார் விஷயம், மேடம் சரியாத்தான் போட்டிருக்காங்க. தேவசகாயத்துக்குத் தலைகால் புரியவில்லை. சரியாகத்தான் போட்டிருக்கிறாள்! சீதாபதியையே உட்காரவைத்துவிட்டாள், அதுவும் ஒரே சொல்லில்! இந்த இளைஞனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. எங்கே, எல்லோரும் பாருங்கள், பாவம் என்று சொல்ல ஒருத்தனுக்கு வாய் வருமா பார்ப்போம்.

சிரிப்பு அடங்கியதும் அவள் தொடர்ந்தாள். கடலை ஒட்டிய முனைக்கு வந்தாள், அவர் பெயர் வைத்திருக்கிற இடம், அது அவருக்குத் தெரியும். நல்ல தண்ணீர் இந்த வழியாகக் கடலுக்குள் போகிறது, இப்படிப் போவதற்குப் பெயர், என்றாள். நின்றாள். உதடு பிரிந்தது, மூடியது. கை காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டது, வீட்டில் சொல் வராதபோது போடுகிற அதே வட்டம். இது புதிய மௌனம். இதில் சந்தேகமே இல்லை, முகம் தெரிகிறது, கண் தேடுகிறது. கசிவு. ஆங்கிலத்தில் என்னவோ, வீட்டில் அதுதான் சொல். ரூபா, கசிவு! நாற்பது வருஷமாகச் சோற்றுத் தட்டிலும் படுக்கையிலும் ஜீப்பிலும் கேட்ட சொல். இதற்கு அவருக்குக் கணக்குத் தெரியவேண்டியதில்லை. அவர் எழுந்துவிட்டார். கால் படிக்கட்டில் ஏறிவிட்டது, வாய் 'க' என்று குவிந்துவிட்டது. ரூபா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"உக்காருங்க" என்றாள், தமிழில், ஒலிவாங்கியில், கூடம் முழுக்கக் கேட்க. அப்புறம் கூடத்தைப் பார்த்தாள். "கொஞ்சம்... தமிழ்ல பேசுதேன். மார்ச் மாசம் எனக்கு... ஸ்ட்ரோக் வந்துச்சு. இவங்க யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க." கை நேராக அவரைத்தான் காட்டியது. "கணக்கு போகல. சொல்லுதான்... லேட்டா வருது. ஆனா வரும். யாரும்... எடுத்துக் குடுக்காதீங்க. நான் நிக்குதேன். நீங்களும் இருங்க." சொல்லிவிட்டுப் பலகையின் பக்கம் திரும்பி, சாக்பீஸ் பிடித்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கடலோர முனையைப் பார்த்து நின்றாள்.

தேவசகாயம் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். இப்போது வரும், உச்சுக் கொட்டுவார்கள், கைக்குட்டை எடுப்பார்கள், யாராவது ஓடிப்போய் நாற்காலி போடுவார்கள் என்று குனிந்த தலையோடு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். கூடம் அப்படியே இருந்தது. இங்கே இருக்கிற எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும், முதல் வருஷ மாணவிக்குக்கூடத் தெரியும். நஸ்ரின் கண்ணில் நீர் நின்றது, ஆனால் விரலை உதட்டின் மேல் வைத்திருந்தாள். குறி தப்பினால் ஒரு நொடி பொறுக்காத சீதாபதி, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருந்தார். பரிதாபப்படுகிற முகம் ஒன்றுகூட இல்லை. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போக வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற ஜாதி அல்லவா இது, பலகைக்கு முன்னால் ஒருத்தர் பேசாமல் நிற்பது இவர்களுக்கு என்ன அதிசயம்? தினம் பார்க்கிறது, தாங்களே தினம் நிற்கிறது. அவள் இவர்களுடைய ஆள். மறைக்கவேண்டியது இருந்தது என்றால் அது அவர் பயம்தான், அவளிடம் மறைக்க எதுவுமே இல்லை. இவ்வளவு நாளும் பெருமை என்று நினைத்துக்கொண்டு அவர் தூக்கிச் சுமந்தது பெருமையே இல்லை. இதோ, பட்டுப்புடவையில் சாக்பீஸ் தூளோடு, யாருக்கும் பயப்படாமல் நிற்கிறாளே, இதுதான் பெருமை. என் பெண்டாட்டி என்று எழுந்து கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. நாக்கு நுனியில் அந்தச் சொல் துடித்துக்கொண்டே இருந்தது, அவர் அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேலை எதுவும் செய்ததில்லை. மின்விசிறி சுற்றியது. விளக்கின் திரி ஒருமுறை சடசடத்தது. பின்வரிசையில் யாரோ இருமலை அடக்கிக்கொண்டார்கள்.

"கசிவு" என்றாள் ரூபாவதி. கண்டெடுத்தவள் மாதிரி இல்லை, பக்கத்து அறையிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தவள் மாதிரி. "இதுக்குப் பேரு கசிவு. கசிவு வேகம் இந்த முனையில என்ன ஆகுதுன்னுதான் இப்பப் பாக்கப்போறோம்." பலகையில் எழுத ஆரம்பித்தாள். யாரும் கைதட்டவில்லை. நூறு தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன, அவள் சொன்னதை எழுதிக்கொண்டன. தேவசகாயம் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தேடினார்.